ஒளி குறையும் மாதங்களில் ஆர்க்கிட்: குளிர்காலப் பராமரிப்புக்கு முழுமையான வழிகாட்டி

ஒரு குளிர்காலக் காலையில் என் ஃபெலனாப்சிஸ் செடியின் இலைத்தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நடுக்குருத்தில் விரல் பட்டதும் அது கையோடு வந்துவிட்டது. அடிப்பாகம் பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்தது. லேசாகப் புளித்த வாடை. சுற்றியிருந்த நான்கு இலைகளும் பச்சையாக, விறைப்பாக, ஒன்றுமே நடக்காதது போல நின்றன. சில நாள் முன்பு ஒரு மாலையில் அவசரமாக மேலிருந்து தண்ணீர் ஊற்றியிருந்தேன். இலைகள் கூடும் குழியில் தங்கிய அந்த இரண்டு மூன்று சொட்டு நீர், குளிர்ந்த இரவில் காயவே இல்லை.

அன்றிலிருந்து குளிர்கால ஆர்க்கிட்டை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். வீட்டுக்குள் இருக்கும் செடிகளில் குளிரால் மட்டுமே சாகிறவை குறைவு. குளிரும் ஈரமும் சேர்ந்து வேரையும் குருத்தையும் அழுகவைப்பதுதான் அதிகம். இதற்கெல்லாம் மூலம் ஒளி. பகல் சுருங்குகிறது, சூரியன் தாழ்வாகப் போகிறது, செடி தயாரிக்கும் உணவு குறைகிறது. உணவு குறைந்தால் வளர்ச்சி குறையும். வளர்ச்சி குறைந்தால் தண்ணீரும் உரமும் குறைவாகவே தேவைப்படும். நம் கை மட்டும் கோடைப் பழக்கத்திலேயே ஊற்றிக்கொண்டிருக்கும். கீழே சொல்லப்போகிற ஒவ்வொரு படியும் இந்த ஒரு கணக்கிலிருந்துதான் வருகிறது.

குளிர்காலம் என்றால் வடகோளத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, தென்கோளத்தில் மே முதல் ஆகஸ்ட் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் இரவு வெப்பம் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவதே இல்லை என்றால் வெப்பம் பற்றிய பகுதியைத் தாண்டிப் போகலாம். தண்ணீர் பற்றிய பகுதி எல்லாருக்கும் உண்டு.

படி 1: உங்களிடம் இருப்பது எந்த ஆர்க்கிட்?

ஆர்க்கிட் குடும்பத்தில் 25,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. கடலோரக் காட்டிலிருந்து பனி விழும் மலைச்சரிவு வரை அவை பரவியிருக்கின்றன. அதனால் 'ஆர்க்கிட்டுக்குக் குளிர்காலப் பராமரிப்பு' என்று ஒரே விதி கிடையாது. இந்தப் பாடத்தை ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் மிகுந்த விலை கொடுத்துத்தான் கற்றார்கள். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெப்பமண்டலத்திலிருந்து கப்பல் கப்பலாக வந்த ஆர்க்கிட்டுகளை எல்லாம் ஒரே மாதிரி மூடிய, சூடான, ஈரம் சொட்டும் கண்ணாடி வீடுகளில் அடைத்தார்கள். பெரும்பாலானவை செத்தன. 1830-களில் இங்கிலாந்தின் சாட்ஸ்வர்த் தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் வேறு வழியில் போனார். வெவ்வேறு வகைக்கு வெவ்வேறு வெப்பநிலையில் தனித்தனி வீடு, காற்றோட்டம். அப்புறம்தான் அங்கே ஆர்க்கிட்டுகள் தழைத்தன. ஜன்னலோரத்தில் நான்கு தொட்டி வைத்திருக்கும் நமக்கும் அதே வழிதான்.

முதலில் ஃபெலனாப்சிஸ். அகன்ற, தடித்த இலைகள், வளைந்த பூந்தண்டு, வண்ணத்துப்பூச்சி போன்ற பூக்கள். வீடுகளில் அதிகம் இருப்பது இதுதான். சூடான தாழ்நிலக் காடுகளின் செடி என்பதால் இரவில் 16 டிகிரிக்குக் கீழே விடக்கூடாது. தண்ணீர் சேமிக்கும் குமிழ்த்தண்டு இதற்குக் கிடையாது. இருப்பதெல்லாம் இலையும் வேரும்தான். எனவே குளிர்காலத்திலும் முழுக்கக் காயப்போடக் கூடாது.

டென்ட்ரோபியம் வாங்கியவர்கள் இரண்டு வகையைக் கட்டாயம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று உயரமான தண்டின் நுனியில் நீண்ட பூந்தண்டு விடும் வகை. இது சூட்டை விரும்பும், 15 டிகிரிக்குக் கீழே போனால் இலை உதிர்க்கும். மற்றொன்று இமயமலை அடிவாரக் காடுகளிலிருந்து வந்த நோபில் வகை. இதற்குத் தண்டு முழுக்கக் கணுவுக்குக் கணு பூ வரும். குளிர்காலத்தில் அதற்கு வேண்டியது வெளிச்சம், 10 முதல் 13 டிகிரி வரை குளிர்ந்த இரவு, மிகக் குறைந்த தண்ணீர், உரமே கிடையாது. இந்த ஓய்வைக் கொடுக்காமல் கோடை போலவே ஊட்டி வளர்த்தால், பூ வர வேண்டிய கணுக்களில் குட்டிச் செடிகள் முளைக்கும். வளர்ப்பவர்கள் அவற்றைக் 'கெய்கி' என்பார்கள். ஹவாய் மொழியில் குழந்தை என்று பொருள். இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள்: நோபில் வகையில் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் தண்டைப் பட்டுப்போனது என்று வெட்டிவிடாதீர்கள். அடுத்த பூ அதில்தான் வரும்.

சிம்பிடியம் குளிருக்குப் பழகிய செடி. பூந்தண்டு விடவே அதற்கு 10 முதல் 15 டிகிரி இரவுகள் வேண்டும். உறைபனி மட்டும் ஆகாது. மொட்டு வந்த பிறகு சூடான அறைக்குள் கொண்டுவந்தால் மஞ்சளாகி உதிர்த்துவிடும்.

கேட்லியாவுக்கு இரவு 13 முதல் 15 டிகிரி போதும். குமிழ்த்தண்டில் நீர் வைத்திருப்பதால் இரண்டு தண்ணீருக்கு நடுவே நன்றாகக் காயலாம். ஆனால் வெளிச்சம் நிறைய வேண்டும். வாண்டா வெறும் வேரோடு தொங்கும் வெளிச்சப் பிரியர். பெரும்பாலானவற்றை 15 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள். பாபியோபெடிலம் எனும் செருப்பு ஆர்க்கிட்டுக்கும் சேமிப்புக் குமிழ் கிடையாது, அதனால் லேசான ஈரம் எப்போதும் இருக்கட்டும். புள்ளி போட்ட இலையுள்ளது சூட்டை விரும்பும். வெறும் பச்சை இலையுள்ளது பொதுவாகக் கொஞ்சம் குளிரைத் தாங்கும். கேட்டசீட்டம் இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்து தூங்கப் போய்விடும். புது முளை வந்து, அதன் வேர் ஒரு விரல் நீளமாவது வளரும்வரை தண்ணீரை நிறுத்திவிடுங்கள்.

என்ன வகை என்று தெரியாத செடி இருந்தால், அடியைப் பாருங்கள். பருத்த தண்டோ குமிழோ இருந்தால் வறட்சியைத் தாங்கும். இல்லையென்றால் தாங்காது. இந்த ஒரு பார்வையே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

படி 2: உள்ளே கொண்டுவருவதற்கு முன்

வெளியில், மாடியில், மரத்தடியில் கோடையைக் கழித்த செடிகளை, இரவு வெப்பம் அந்தந்த வகைக்குப் படி 1-இல் சொன்ன எல்லையை நெருங்கும்போதே உள்ளே எடுக்கத் தயாராகுங்கள். கடைசி நாள்வரை காத்திருந்து, ஒரு குளிர் இரவுக்குப் பயந்து அவசரமாகத் தூக்கி வந்தால் கூடவே பூச்சியும் வந்துவிடும்.

தொட்டியை வெதுவெதுப்பான நீர் நிறைந்த வாளியில் விளிம்புவரை 20 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் எறும்பு, நத்தை, மரவட்டை எல்லாம் மேலே ஏறி வரும். இலையின் அடிப்புறம், இலை தண்டோடு சேரும் இடுக்கு, குமிழ்த்தண்டைச் சுற்றியுள்ள காய்ந்த தோல், இவற்றை நகத்தால் பிரித்துப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு போல இருந்தால் மாவுப்பூச்சி. சுரண்டினால் பெயரும் பழுப்பு மருவாக இருந்தால் செதில்பூச்சி. சந்தேகமான செடியை இரண்டு மூன்று வாரம் தனியாக வையுங்கள்.

படி 3: வெளிச்சத்தைத் தேடிப் போங்கள்

கோடையில் திரை போட்டு மறைத்த அதே ஜன்னல், குளிர்காலத்தில் உங்கள் செடிக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த இடமாக மாறும். வடகோளத்தில் தெற்கு ஜன்னல், தென்கோளத்தில் வடக்கு ஜன்னல். சூரியன் தாழ்ந்து போவதால் ஒளி அறைக்குள் வெகுதூரம் வரும். ஜன்னல் கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடையுங்கள். இலைகளையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். சின்ன வேலைதான், பலன் பெரிது.

போதுமா இல்லையா என்று எப்படித் தெரியும்? நண்பகலில் இலைக்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். ஓரம் மங்கிய நிழல் விழுந்தால் ஃபெலனாப்சிஸுக்கும் செருப்பு ஆர்க்கிட்டுக்கும் போதும். கேட்லியா, வாண்டா, டென்ட்ரோபியத்துக்கு விரல் விரலாகத் தெரியும் நிழல் வேண்டும். நிழலே விழவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். இலையும் பேசும்: கரும்பச்சையாக, தொங்கலாக இருந்தால் ஒளி போதவில்லை, இளம்பச்சை சரி, சிவப்போ மஞ்சளோ ஏறினால் அதிகம்.

ஜன்னல் வசதி இல்லாதவர்கள் வெள்ளை எல்.இ.டி. விளக்கை இலையிலிருந்து ஓர் அடி தூரத்தில் கட்டி, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் எரியவிடலாம். இரவில் அணைத்துவிடுங்கள். ஃபெலனாப்சிஸ், கேட்லியா போன்றவை இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கின்றன. கேட்லியாவில் சில வகைகள் இரவு நீள்வதைக் கொண்டே மொட்டு வைக்கும். நள்ளிரவுவரை விளக்கெரியும் அறையில் அவை பூக்காமலே போகலாம்.

படி 4: வெப்பத்தைச் செடி இருக்கும் இடத்தில் அளந்து பாருங்கள்

அறையின் வெப்பம் வேறு, ஜன்னலோரத்தின் வெப்பம் வேறு. சின்ன வெப்பமானி ஒன்றை இலை உயரத்தில் வைத்து விடியற்காலையில் பாருங்கள். குளிர் மிகுந்த ஊர்களில், அறைக்குள் 20 டிகிரி இருக்கும்போது கண்ணாடிக்கு அருகே பல டிகிரி குறைந்திருக்கும். இரவில் திரைச்சீலையை இழுத்து மூடும்போது செடி திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் அறையின் சூடு அதற்குக் கிடைக்கவே கிடைக்காது. மாலையில் செடியை ஒரு கை தூரம் உள்ளே நகர்த்துங்கள், அல்லது திரை செடிக்குப் பின்னால் விழும்படி செய்யுங்கள். இலை கண்ணாடியைத் தொடவே கூடாது.

குளிர் பட்ட ஃபெலனாப்சிஸ் உடனே காட்டிக்கொடுக்காது. இளம் இலையில் உள்ளே செல்கள் நொறுங்கி, பல வாரம் கழித்துத்தான் மேற்பரப்பில் குழிகுழியாகத் தெரியும். அப்போது நாம் நோய் என்று நினைத்து மருந்தடிப்போம். அந்தக் குழிகள் பரவாது, இலையையும் வெட்டத் தேவையில்லை.

மறுபக்கம் ஹீட்டர். அதன் சூடான காற்று நேராகப் படும் இடத்தில் மொட்டு ஒரே நாளில் சுருங்கிவிடும். கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று அடிக்கும் இடமும் வேண்டாம்.

பகலைவிட இரவு 5, 6 டிகிரி குறைவாக இருப்பது நல்லது. அது பூவுக்கு அழைப்பு. ஃபெலனாப்சிஸ் பூந்தண்டு விடுவதே, பகல் 25 டிகிரிக்குள்ளும் இரவு 16 முதல் 20 வரையிலும் சில வாரங்கள் தொடர்ந்தால்தான்.

படி 5: தண்ணீர்

இங்கேதான் நிதானம் வேண்டும். ஆர்க்கிட் வேரை ஒருமுறை நெருங்கிப் பாருங்கள். வெளியே வெள்ளிபோல் மினுக்கும் தடித்த உறை. அது உயிரற்ற செல்களால் ஆன பஞ்சு. தண்ணீர் பட்ட சில நொடிகளில் அந்த வெள்ளி நிறம் கரைந்து பச்சையாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உறை நனைந்து ஊடுருவும் ஒளி உள்ளே உள்ள பச்சையைக் காட்டுகிறது. மழை பெய்யும்போது சட்டென்று குடித்து, அடுத்த மணி நேரங்களில் காற்றில் காய்வதற்காகவே அமைந்த வேர் அது. நாள்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் மூச்சு முட்டி அழுகும். குளிர்காலத்தில் தொட்டி காய இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்பதால் ஆபத்தும் இரண்டு மடங்கு.

ஆகவே நாட்காட்டியைப் பார்த்து ஊற்றாதீர்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் வேரின் நிறமே போதும்: பச்சை என்றால் பொறுங்கள், வெள்ளி என்றால் ஊற்றுங்கள். மண்தொட்டியாக இருந்தால் மூங்கில் குச்சி ஒன்றை நடுவரை செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்துக் கன்னத்தில் வையுங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதைவிட எளிது, தண்ணீர் ஊற்றியதும் தொட்டியைத் தூக்கி எடையைக் கைக்குப் பழக்குவது. இரண்டு மாதத்தில் கை கற்றுக்கொண்டுவிடும். மரப்பட்டையில் இருக்கும் நடுத்தரத் தொட்டிக்கு 8 முதல் 12 நாள், ஸ்பாக்னம் பாசியில் இருப்பதற்கு இரண்டு வாரம் என்று வரும். உங்கள் வீட்டில் மாறலாம்.

ஊற்றும் நேரம் காலை. நீர் வெதுவெதுப்பாக, கையில் பட்டால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கட்டும். சொட்டுச் சொட்டாகக் கொடுக்காமல், அடித்துளை வழியாக ஓடும்வரை ஊற்றி, கால் மணி நேரம் வடியவிட்டுப் பிறகு இடத்தில் வையுங்கள். துளையில்லாத அலங்காரத் தொட்டிக்குள் வைத்திருந்தால் அடியில் நீர் நிற்கிறதா என்று தூக்கிப் பாருங்கள். கடைசியாக, ஒரு மென்காகிதத்தைத் திரித்து நடுக்குருத்துக் குழியில் விட்டு உறிஞ்சி எடுங்கள். அரை நிமிட வேலை. அதைச் செய்யாததால்தான் நான் அந்தச் செடியின் குருத்தைப் பறிகொடுத்தேன்.

பனிக்கட்டி வைத்து நீர் விடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மரப்பட்டையில் வளர்ந்த ஃபெலனாப்சிஸுக்கு வாரம் மூன்று கட்டி வைத்ததில் கேடு ஏதும் தெரியவில்லை. அளவு மீறாமல் ஊற்ற அது ஒரு வழி, அவ்வளவுதான். நான் அதைச் செய்வதில்லை. முழுக்க ஓடவிட்டு ஊற்றும்போதுதான் தொட்டியில் தேங்கிய உர உப்பு கழுவிப் போகிறது.

வாண்டாவுக்கு வேறு முறை. காலையில் வேரைப் பதினைந்து நிமிடம் வாளியில் ஊறவிட்டு எடுத்துத் தொங்கவிடுங்கள். மாலைக்குள் வேர் வெள்ளிநிறத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

படி 6: காற்றும் ஈரப்பதமும்

குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. 0 டிகிரியில் ஈரம் நிறைந்திருக்கும் காற்றை உள்ளே இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். ஆர்க்கிட் விரும்புவதோ 50 முதல் 70. நாற்பதுக்கு மேல் இருந்தால் ஃபெலனாப்சிஸ் சமாளிக்கும்.

தட்டில் கூழாங்கல் பரப்பி நீர் ஊற்றி அதன்மேல் தொட்டியை வைப்பது பழைய வழக்கம். கிடைக்கும் ஈரம் கொஞ்சம்தான், தொட்டியடி நீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செடிகளை ஒன்றுசேர்த்து வைப்பது உதவும். உண்மையாகவே பலன் தருவது ஈரப்பதமூட்டும் கருவி. இலைமேல் தெளிப்பானால் அடிப்பதை நான் குளிர்காலத்தில் பரிந்துரைக்க மாட்டேன். பத்து நிமிடத்தில் அந்த ஈரம் காற்றில் போய்விடும், குருத்தில் விழுந்த சொட்டு மட்டும் மிஞ்சும்.

எல்லாவற்றையும் குறைக்கச் சொன்னேன், காற்றோட்டத்தை மட்டும் குறைக்காதீர்கள். சின்ன மின்விசிறியைச் சுவர் பக்கம் திருப்பி, இலை அசைந்தும் அசையாமலும் இருக்கும் வேகத்தில் ஓடவிடுங்கள். அசையாத குளிர்ந்த ஈரக்காற்றில்தான் பூவிதழில் பழுப்புப் புள்ளி போடும் பூஞ்சை வளரும்.

படி 7: உரம்

வளர்ச்சி நின்ற செடிக்கு உரமே வேண்டாம். புது இலையோ வேரோ பூந்தண்டோ வந்துகொண்டிருந்தால், பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கை மாதம் ஒருமுறை, வேர் நனைந்த பிறகு. போதும்.

படி 8: பூந்தண்டையும் மொட்டையும் காப்பது

ஃபெலனாப்சிஸில் இலை இடுக்கிலிருந்து ஏதோ பச்சையாக எட்டிப் பார்க்கும். வேரா, பூந்தண்டா? வேரின் நுனி உருண்டு மழமழவென்று இருக்கும். பூந்தண்டின் நுனி சற்றுத் தட்டையாக, கட்டைவிரல் பிரிந்த கையுறை போல இருக்கும், மேல்நோக்கிப் போகும். தண்டு ஒரு சாண் வளர்ந்ததும் குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். தோன்றியதிலிருந்து பூ விரிய ஏறக்குறைய மூன்று மாதம் ஆகலாம், பொறுமை வேண்டும்.

மொட்டு வந்த பிறகு தொட்டியைத் திருப்பாதீர்கள். மொட்டுகள் ஒளியை நோக்கித் தம்மை அமைத்துக்கொள்ளும். திருப்பத் திருப்பத் தண்டு முறுக்கிக்கொண்டு பூக்கள் ஆளுக்கொரு திசையைப் பார்க்கும். மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தால் காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்: வறண்ட காற்று, குளிர்காற்று அல்லது ஹீட்டர் வீச்சு, வேர் காய்ந்தது அல்லது அழுகியது, அருகில் பழக்கூடை. பழுக்கும் ஆப்பிளும் வாழையும் வெளிவிடும் எத்திலீன் வாயு மொட்டை உதிர்க்கும், விரிந்த பூவையும் சீக்கிரம் வாடச்செய்யும்.

படி 9: பூச்சியும் அழுகலும்

சூடான வறண்ட அறை சிலந்திப்பேனுக்குக் கொண்டாட்டம். இலையின் அடிப்புறத்தை வெள்ளைக் காகிதத்தால் துடையுங்கள். சிவப்பாகக் கோடு விழுந்தால் அதுதான். இலையை இருபுறமும் நீரால் கழுவி, குருத்தை ஒற்றி எடுங்கள். மாவுப்பூச்சிக்கும் செதில்பூச்சிக்கும் 70 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைப்பது போதும். ஒருமுறை துடைத்து நிறுத்திவிட்டால் முட்டைகள் பொரிந்து திரும்ப வரும். வாரம் ஒருமுறையாக நான்கு வாரமாவது செய்யுங்கள்.

அழுகிய இலையை, நல்ல பகுதியிலும் ஒரு விரல் அகலம் சேர்த்து வெட்டி, வெட்டுவாயில் இலவங்கப்பட்டைத் தூள் தடவுங்கள். வேரில் படக்கூடாது, உலர்த்திவிடும். ஒரு செடியை வெட்டிய கத்தரியைத் தீயில் வாட்டாமல் அடுத்த செடியில் வைக்காதீர்கள். ஆர்க்கிட்டைத் தாக்கும் வைரஸுக்கு மருந்தே கிடையாது, அது கத்தரி வழியாகவும் பரவும்.

குருத்து அழுகிவிட்டால் செடியைத் தூக்கிப்போட வேண்டாம். சாய்த்துவைத்து, உலரவிட்டு, நல்ல வெளிச்சத்தில் வைத்திருங்கள். என் செடி மீதமிருந்த நான்கு இலைகளோடு அப்படியே நின்றது. ஐந்தாவது மாதம் அடியிலிருந்து ஒரு பக்கக்கன்று எட்டிப் பார்த்தது.

படி 10: தொட்டி மாற்றம், அப்புறம் வசந்தம்

குளிர்காலத்தில் தொட்டி மாற்றாதீர்கள். அறுந்த வேர் ஆற இது காலமில்லை. மரப்பட்டை மக்கிச் சேறாகி வேர் அழுகுகிறது என்றால் மட்டும் விதிவிலக்கு. அப்போது காத்திருப்பதுதான் ஆபத்து.

பகல் நீளத் தொடங்கியதும் வேர்நுனிகளைப் பாருங்கள். வெள்ளிநிறம் முடிகிற இடத்தில் பளபளவென்று பச்சையோ செம்பழுப்போ ஒரு புள்ளி தோன்றும். செடி விழித்துவிட்டது என்று பொருள். அன்றிலிருந்து தண்ணீர் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், உரத்தைப் பாதி அளவுக்குக் கூட்டுங்கள், பழைய மரப்பட்டையை மாற்றுங்கள். ஜன்னலில் விழும் வெயிலையும் கவனியுங்கள். குளிர்காலத்தில் இதமாக இருந்த அதே வெயில், ஒரே மதியத்தில் இலையைச் சுட்டு வெள்ளைத் திட்டாக்கிவிடும். உச்சிவேளையில் இலையைத் தொட்டுப் பார்த்து, கையைவிடச் சூடாகத் தெரிந்தால் அன்றே மெல்லிய திரையைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.